வாத்தியம் கற்க எதற்கு வருகிறார்கள், எதற்காகத் தங்கிவிடுகிறார்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: இசையைத் தொழிலாக எடுக்கப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்தும் இத்தனை பேர் ஏன் வருடக்கணக்கில் ஒரு வாத்தியத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள், மூளை வளரும் கணக்கு நன்றாக வரும் என்பதெல்லாம் எந்த அளவுக்கு உண்மை, நாற்பது வயதில் எனக்கும் ஆசை வந்திருக்கிறது, "இப்போது எதற்கு?" என்று வீட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வது.

இருபது வருடத்துக்கு மேலாக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன், கொஞ்சம் கீபோர்டும் உண்டு. முதல் வகுப்பில் எல்லோரிடமும் "எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்பேன். குழந்தைகள் நேர்மையானவர்கள், "அம்மா சேர்த்துவிட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்க்கும். பெரியவர்கள் சிரித்துவிட்டு "சும்மாதான்" என்பார்கள். இந்தச் "சும்மா"வை நான் நம்புவதே இல்லை. தமிழில் அந்த ஒரு சொல்லுக்குள் என்ன வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். நாலைந்து மாதம் போனபிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒருவருக்குப் பள்ளிக்கூட நாளில் கூடப் படித்தவன் கிட்டார் வாசிப்பதைப் பார்த்து வந்த பொறாமை, முப்பது வருடம் கழித்தும் ஆறவில்லை. இன்னொருவருக்கு ஒரே ஒரு பாட்டு வாசித்தால் போதும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், "காலையில் எழுந்தால் எங்கேயாவது போகவேண்டும் போல இருக்கிறது, அதான்" என்றார். ஒரு அம்மையார் வந்தார், அப்பா இறந்தபிறகு பரணில் இருந்து அவருடைய வயலினை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வருடம் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்து, பிறகு என்னிடம் கொண்டுவந்தார். கற்றுக்கொள்ள வந்தார் என்றுகூடச் சொல்லமுடியாது, "இதை இப்படியே விடமுடியவில்லை" என்றுதான் சொன்னார்.

இத்தனை பேரைப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு: வரும் காரணமும் தங்கும் காரணமும் அநேகமாக ஒன்றாக இருப்பதில்லை. எந்தக் காரணத்துக்காக வந்தாலும் ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள் அது தேய்ந்துவிடும். அதற்குள் வேறொன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தால் ஆள் தங்குவார், உட்காரவில்லை என்றால் வாத்தியம் மறுபடி பரணுக்குப் போகும். அதனால் "ஏன் கற்கிறார்கள்" என்பதை இரண்டு கேள்வியாகப் பிரித்துக்கொண்டால்தான் பதில் சொல்ல வசதி.

வரும் காரணங்களில் இப்போது அதிகம் காதில் விழுவது மூளைச் சமாசாரம், அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். 1993-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. 36 கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிடம் மொசார்ட்டின் ஒரு பியானோ சொனாட்டாவைக் கேட்கவைத்து, பிறகு காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது மாதிரியான வடிவப் புதிர்களைக் கொடுத்தார்கள். கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலனும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கரைந்துபோனது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் பத்திரிகைகள் கைக்குப் போனதும் "மொசார்ட் கேட்டால் புத்திசாலி ஆகலாம்" என்று ஆகி, 1998-ல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சாஸ்திரிய இசைத் தட்டு கொடுக்க நிதி கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. கவனியுங்கள், அந்தப் பரிசோதனையில் குழந்தையும் இல்லை, வாத்தியம் கற்றவரும் இல்லை. கேட்டவர்கள் மட்டும்தான்.

சரி, கேட்பது வேறு, கற்பது வேறு என்பீர்கள். அதையும் சோதித்திருக்கிறார்கள். க்ளென் ஷெல்லன்பெர்க் என்ற கனடா ஆய்வாளர் 144 ஆறு வயதுக் குழந்தைகளை நான்கு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கீபோர்டு, ஒன்றுக்குப் பாட்டு, ஒன்றுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்து, ஒன்றை அந்த வருடம் அப்படியே விட்டார். 2004-ல் முடிவு வெளிவந்தது. பள்ளிக்குப் போக ஆரம்பித்ததால் எல்லாக் குழந்தைகளுக்குமே ஐக்யூ மதிப்பெண் ஏறியிருந்தது, இசை கற்றவர்களுக்கு அதற்கு மேல் இரண்டு மூன்று புள்ளி கூடுதல். நாடகம் கற்ற குழந்தைகள் மற்றவர்களோடு பழகும் விதத்தில் முன்னேறியிருந்தார்கள், இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்கு ஒரு சின்ன வருத்தம். பிறகு இப்படிப்பட்ட ஆய்வுகள் நிறைய வந்தன. 2020-ல் சாலா, கோபே என்ற இருவர் 54 ஆய்வுகளை, கிட்டத்தட்ட ஏழாயிரம் குழந்தைகளின் தகவல்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒழுங்காக ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், இசைப் பயிற்சியால் பொதுவான அறிவோ படிப்போ உயர்வதாக ஒன்றும் தெரியவில்லை என்றுதான் முடித்தார்கள். இசை கற்கும் பிள்ளைகள் படிப்பிலும் கெட்டியாக இருப்பதை நாம் பார்க்கிறோம், உண்மைதான். ஆனால் வகுப்புக்கு அனுப்ப வசதியும், கூட உட்கார்ந்து பார்க்க ஆளும் இருக்கிற வீட்டுப் பிள்ளை இரண்டிலும் நன்றாக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

மூளை மாறவே மாறாது என்று சொல்லவரவில்லை. மாறும், ஆனால் வாசிப்பதற்கு ஏற்றமாதிரி மாறும். 1995-ல் தந்தி வாத்தியம் வாசிப்பவர்களின் மூளையைச் சோதித்தபோது, இடது கை விரல்களை உணரும் பகுதி மற்றவர்களைவிட விரிந்திருந்தது, சிறுவயதில் ஆரம்பித்தவர்களுக்கு இன்னும் அதிகம். இடது கை ஏன் என்றால், தந்தியில் ஓடுவது அந்த விரல்கள்தான். வலது கைக்கு வில்லைப் பிடிக்கும் வேலை. உழைத்த இடத்தில் காய்ப்பு வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலின் கற்றால் வயலின் வரும். கணக்கு வரவேண்டும் என்றால் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் வழி, அதுவும் மலிவான வழி. அதனால் "மூளைக்கு நல்லதாமே" என்று குழந்தையைக் கூட்டிவரும் பெற்றோரிடம் நான் மறுத்தெல்லாம் பேசுவதில்லை, ஆனால் மார்க் ஷீட்டில் பலனைத் தேடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுவேன், ஏனென்றால் தேடிக் கிடைக்காதபோது முதலில் நிற்பது வகுப்புதான்.

மற்ற வரும் காரணங்கள் சாதாரணமானவை. சான்றிதழ், மேடை, நாலு பேர் பாராட்டு, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது எழுத ஒரு வரி. இவற்றை இளக்காரமாகப் பேசுபவர்கள் உண்டு, நான் பேசமாட்டேன், முதல் வருடத்தை ஓட்ட ஏதாவது ஒரு எரிபொருள் வேண்டும். படிப்படியாக மேலே போகும் கிரேடு தேர்வில் மட்டும் ஒரு ஆபத்து இருக்கிறது. தேர்வுக்கு உரிய மூன்று நான்கு உருப்படிகளையே வருடம் முழுக்கத் தேய்த்துத் தேய்த்து, எட்டாவது கிரேடு வரை போய், "ஏதாவது ஒன்று வாசி" என்று சொன்னால் கைவசம் ஒன்றும் இல்லாமல் முழிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வகுப்பறைக்கு வெளியே தானாக எடுத்து வாசிக்க ஒரு பாட்டாவது இல்லை என்றால், தேர்வு முடிந்த அன்றே எல்லாம் முடிந்தது.

கட்டாயப்படுத்திச் சேர்த்தால்? ஐன்ஸ்டீன் கதை இங்கே பொருந்தும். அம்மா பியானோ வாசிப்பவர், பையனுக்கு ஆறு வயதில் வயலின் ஏற்பாடு செய்தார், பல வருடம் பையன் கடனே என்றுதான் வாசித்தான். பதின்மூன்று வயது வாக்கில் மொசார்ட்டின் சொனாட்டாக்கள் மேல் காதல் வந்தது, அவற்றை வாசிக்கவேண்டும் என்பதற்காகவே தன் வாசிப்பைத் திருத்திக்கொள்ள ஆரம்பித்தார், பிறகு வாழ்நாள் முழுக்க வயலின் கூடவே இருந்தது. இதைச் சொல்லிக் கட்டாயத்தை நியாயப்படுத்துவார்கள். நான் இதை வேறுமாதிரி படிக்கிறேன். ஏழு வருடக் கட்டாயம் செய்யாததை ஒரு குறிப்பிட்ட இசை மேல் வந்த ஆசை செய்தது. ஆனால் அந்த ஏழு வருடத்தில் விரல் கொஞ்சமாவது பழகியிருந்ததால்தான் ஆசை வந்தபோது கைக்கு எட்டியது என்பதும் உண்மை. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கட்டாயத்தால் வெறுத்து ஓடிப்போனவர்கள் யாரும் பிற்பாடு வந்து நமக்குக் கதை சொல்வதில்லை, அதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இனி தங்கும் காரணம். இதற்கு முன்னால், ஏன் விட்டுப் போகிறார்கள் என்று பார்த்தால் சுலபமாகப் புரியும். வயலினில் முதல் மாதம் எல்லோருக்கும் உற்சாகம், ஏதோ சத்தம் வருகிறது. கிட்டத்தட்ட ஆறாவது மாதத்தில் ஒருநாள் மாணவர் முகம் வாடிப்போய் வருவார், "முன்னே நன்றாக வாசித்தேன், இப்போது மோசமாகிவிட்டது" என்பார். உண்மையில் கை கெட்டுப்போகவில்லை, காது வளர்ந்துவிட்டது. வயலினில் கிட்டார் மாதிரி விரல் வைக்கும் இடத்தைப் பிரித்துக்காட்டும் குறுக்குக் கட்டை கிடையாது, விரல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலும் ஸ்வரம் பிசகும். முதல் மாதம் அந்தப் பிசகே காதில் விழாது. ஆறு மாதத்தில் விழ ஆரம்பிக்கும், ஆனால் திருத்தும் பக்குவம் கைக்கு இன்னும் வந்திருக்காது. காது முன்னே ஓட, கை பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். இந்த இடைவெளியில்தான் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். நான் கண்ட வரையில் இதில் இருந்து தப்பிப்பவர்கள் அதிகத் திறமை உள்ளவர்கள் என்று சொல்லமுடியாது. அந்தப் பிசகைக் கேட்டதும் எரிச்சலோடு கூடவே ஒரு குறுகுறுப்பு வந்தவர்கள், "எங்கே தப்புகிறது?" என்று ஒரே இடத்தைப் பத்துத் தடவை வாசித்துப் பார்க்கத் தோன்றியவர்கள்.

ஆஸ்திரேலியாவில் கேரி மெக்பெர்சன் என்பவர் ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகள் 150-க்கும் மேற்பட்டவர்களை, வாத்தியத்தைத் தொடும் முன்பே, "எவ்வளவு காலம் வாசிப்பாய் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுவைத்தார். கொஞ்ச நாள் என்றவர்கள் உண்டு, பெரியவனாகும் வரை என்றவர்கள் உண்டு. பிற்பாடு பார்த்தால், நெடுங்காலம் வாசிப்பேன் என்று சொன்ன குழந்தைகள் அதே அளவு நேரம் சாதகம் (பயிற்சி) செய்து மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னே போயிருந்தார்கள். நான் வாசிப்பவன் என்று ஒருவர் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்வதற்கே ஒரு பலம் இருக்கிறது போல.

இந்த நினைப்பு எவ்வளவு பிடிவாதமானது என்பதற்குப் பால் விட்கென்ஸ்டைன் கதையை வகுப்பில் சொல்வேன் (தத்துவஞானி லூட்விக்கின் அண்ணன்). பியானோ கலைஞர், முதல் உலகப்போரில் 1914-ல் குண்டடிபட்டு வலது கையை எடுத்துவிட்டார்கள், பிடிபட்டு ரஷ்யாவில் ஓம்ஸ்க் முகாமில் கைதி. அங்கே பியானோ இல்லாததால் ஒரு மரப்பெட்டியில் இடது கை விரல்களால் தட்டித் தட்டிச் சாதகம் செய்தார். விடுதலையாகி வந்தபிறகு இடது கைக்கு மட்டுமே உருப்படி எழுதித்தரச் சொல்லிப் பெரிய பெரிய இசையமைப்பாளர்களைக் கேட்டார், பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேல் எழுதிய இடது கைக் கான்செர்ட்டோவை (வாத்தியக் குழுவோடு தனி வாத்தியம் வாசிக்கும் உருப்படி) 1932-ல் மேடையேற்றினார். மரப்பெட்டியில் சத்தம்கூட வராதே, அதில் வாசித்து யாருக்கு என்ன பலன் என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் எனக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. அவருக்குள் கேட்டிருக்கும் என்றேன்.

அப்புறம், யாரும் வரும்போது சொல்லாத, ஆனால் தங்கியவர்கள் எல்லோரும் சொல்கிற ஒரு பலன்: கேட்கும் விதமே மாறிவிடும். இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். இருபது வருடமாகக் கேட்ட ஒரு பாட்டில் பாடகரின் குரல் மட்டும்தான் இதுவரை இருந்திருக்கும். கற்க ஆரம்பித்து ஒரு வருடத்தில் அதே பாட்டில் அடியில் பேஸ் கிட்டார் நடந்துபோவது கேட்கும், இரண்டாவது சரணத்தில் புல்லாங்குழல் ஒரு சின்ன வளைவு வளைந்துவிட்டு ஒதுங்குவது கேட்கும், தாளக்காரர் வேண்டுமென்றே ஒரு அடியைத் தள்ளிப்போட்டு வைத்திருப்பது பிடிபடும். அன்றைக்கு வந்த மாணவர்கள் திருட்டுப் பொருளைக் கண்டுபிடித்தவர்கள் மாதிரி வந்து சொல்வார்கள், "சார், இது எப்பவுமே அங்கேதான் இருந்ததா?" சுருதி சேர்ப்பதும் அப்படித்தான். இரண்டு தந்திகள் கிட்டத்தட்டச் சேரும்போது ஒலி அலை அலையாக நடுங்கும், தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகத் திருக அந்த நடுக்கம் மெதுவாகி, ஒரு நொடியில் நின்று, இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த நொடியை முதன்முதலாகத் தன் காதாலேயே பிடித்தவர் (செல்போன் ட்யூனரைப் பார்த்து அல்ல) பெரும்பாலும் வகுப்பை விட்டுப் போவதில்லை. கணக்கு எடுத்ததில்லை, என் அனுபவம்தான்.

இன்னொன்று, கூடி வாசிப்பது. தனியாக அறைக்குள் வாசிக்கும்போது தாளம் தப்பினால் நின்று மறுபடி ஆரம்பிக்கலாம். நாலு பேரோடு வாசிக்கும்போது நிற்கமுடியாது, அவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், ஓடிப்போய் எங்கேயாவது ஏறிக்கொள்ளவேண்டும். பயமாக இருக்கும், ஆனால் அதில் ஒரு போதை உண்டு. பெரியவர்களுக்கான மாலை வகுப்புகளை ஒப்பிட்டு 2015-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில், சேர்ந்து பாடும் குழுக்காரர்கள், கைவினை, எழுத்து வகுப்புக்காரர்களைவிட வேகமாக ஒருவருக்கொருவர் நெருங்கினார்கள். ஏழு மாத முடிவில் எல்லாக் குழுவும் ஒரே அளவுக்கு வந்துவிட்டன, ஆனால் முதல் மாதத்திலேயே அந்நியம் உடைந்தது பாடியவர்களிடம். பெயர்கூடச் சரியாகத் தெரியாத பக்கத்து ஆளோடு மூச்சையும் தாளத்தையும் சேர்த்துவைத்தால் பேச்சு தானாக வந்துவிடுகிறது. ஓய்வு பெற்றவர் என்று முன்னே சொன்னேனே, அவர் இரண்டாவது வயலின் வரிசையில் மிகச் சுமாராக வாசிப்பார், ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை.

மனிதர்கள் இதை எவ்வளவு காலமாகச் செய்கிறார்கள் என்றால், தென்மேற்கு ஜெர்மனியில் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2008-ல் ஒரு புல்லாங்குழல் கிடைத்தது, கழுகு இனப் பறவையின் எலும்பில் ஐந்து துளை போட்டது, வயது குறைந்தது 35,000 ஆண்டு. குளிரிலும் பசியிலும் கிடந்தவர்கள் எலும்பைச் சீவி, விரல் வாகுக்கு ஏற்றமாதிரி துளைபோட மெனக்கெட்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய் யார் "எதற்கு?" என்று கேட்டிருப்பார்கள்?

வயது. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பதுதானே உங்கள் பயம். கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைக்கவில்லை. ஏழு வயதுக்கு முன் ஆரம்பித்த கலைஞர்களுக்கு மூளையின் இரண்டு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலத்தின் முன்பகுதி பெரிதாக இருப்பதை 1995 ஆய்வு ஒன்று காட்டியது, எந்த ஒலியைக் கேட்டாலும் ஒப்பிட வேறு ஸ்வரம் இல்லாமலேயே இன்ன ஸ்வரம் என்று சொல்லும் காதும் பெரும்பாலும் சிறுவயதில் ஆரம்பித்தவர்களுக்குத்தான் அமைகிறது. ஆனால் அந்தக் காது இல்லாமலேயே அருமையாக வாசிப்பவர்கள்தான் அதிகம். 10,000 மணி நேரம் என்று பயமுறுத்துவார்கள். அந்த எண் 1993-ல் பெர்லின் இசைக் கல்லூரியில் உச்சத்தில் இருந்த வயலின் மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகச் செய்த சாதகம், நீங்கள் போகவேண்டிய ஊர் அது இல்லை. நடைமுறையில் நான் பார்ப்பது: குழந்தைக்குக் கை சீக்கிரம் பழகும், ஏன் எதற்கு என்பது புரிய நாளாகும். பெரியவருக்கு ஒரே வகுப்பில் புரிந்துவிடும், கை மட்டும் கேட்காது, அதனால் வெட்கப்படுவார். பெரியவர்களுக்கு முதல் எதிரி இந்த வெட்கம்தான். அலுவலகத்தில் நாலு பேருக்கு மேலே இருப்பவர், இங்கே எட்டு வயதுப் பையன் முன்னால் ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் தடுமாறவேண்டும். இதைத் தாண்டிய சிலர், வாரத்தில் தாங்கள் எதிலும் கெட்டிக்காரராக நடிக்கத் தேவையில்லாத ஒரே மணி நேரம் இதுதான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த அப்பாவின் வயலின் அம்மையார் இன்னும் வருகிறார், நான்காவது வருடம். மூன்று பாட்டு வாசிப்பார், மூன்றும் அப்பா வாசித்தவை. போன மாதம் தந்திகளை மாற்றினோம், வில்லுக்கும் புது முடி போட்டாயிற்று. பெட்டியில் இருந்த, வில்லில் தேய்க்கும் பழைய ரோசின் கட்டியை மட்டும் எடுத்துப்போட விடவில்லை. காய்ந்து இறுகிவிட்டது, இனி வில்லில் பிடிக்காது என்றேன். தெரியும் என்றார்.

உங்களுக்குச் சொல்வதானால், காரணத்தைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள், பாட்டைத் தேடுங்கள். வாசித்தே ஆகவேண்டும் என்று தோன்றும் ஒன்றை முதல் வகுப்பிலேயே ஆசிரியரிடம் சொல்லுங்கள், அது வர இரண்டு வருடம் ஆகும் என்று அவர் சொன்னாலும் பரவாயில்லை. வாத்தியத்தைச் "சுலபமானது எது" என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், எந்த ஒலி கேட்டால் வேலையை விட்டுவிட்டு நிற்கிறீர்களோ அதை எடுங்கள், ஏனென்றால் மோசமாக வாசிக்கும் காலத்தில் அந்த ஒலி ஒன்றுதான் துணை. கீபோர்டில் முதல் நாளே சரியான ஸ்வரம் வரும், கிட்டாரில் விரல் நுனி காய்க்கும் வரை சில வாரம் வலிக்கும், புல்லாங்குழலில் ஊதி ஊதித் தலை சுற்றும், ஒலி வர நாளாகும். வாங்கும் முன் இரவலாகவோ வாடகைக்கோ கிடைக்கிறதா என்று பாருங்கள். தினம் இருபது நிமிடம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தைவிட மேல், வாத்தியத்தைப் பெட்டிக்குள் பூட்டிவைக்காமல் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

வயலின் என்று முடிவு செய்தால் முதல் மூன்று மாதம் கதவைச் சாத்திக்கொண்டு வாசியுங்கள். "எதற்கு?" என்று கேட்ட வீட்டுக்காரர்கள் அதற்குள் "எப்போது முடியும்?" என்று கேட்க ஆரம்பித்திருப்பார்கள், அதற்கும் பதில் சொல்லவேண்டியதில்லை.